பொத்தான் கிண்ணம்

அன்று பிற்பகல் அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தங்கை, அவள் கணவர், அருங்காட்சியகத்தின் காப்பாளர் அம்மா. ஐந்தாவதாக ஒரு பெண்ணின் குரல் இருந்தது. அது ஒலிப்பதிவு, ஆள்கணக்கில் வராது. வேறு யாரையோ பார்த்ததாகச் சொல்கிறவர்கள் அங்கே இல்லாதவர்கள். குடும்பத்துக்கு மூத்தவன் நான். நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

நாங்கள் போனது ஒரு விவர அட்டைக்காக.

என் தந்தை அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தார். முந்தைய ஆட்சியில், தங்களுக்கு ஆகாதவர்களை நாடு கடத்த உத்தரவு போட்ட அலுவலகம் அது. அந்த உத்தரவுகளை அவர் அடித்ததில்லை. "அந்தக் காகிதம் என் மேசைக்கு வந்ததே இல்ல" என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை இரண்டாவது முறை கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. ஆட்சி மாறி அலுவலகத்தை மூடியபோது தன் டைப்ரைட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். துணி போட்டு மூடி அலமாரியின் மேல் வைத்தார். அவர் இறக்கும்வரை அது கீழே இறங்கவில்லை.

பல வருடம் கழித்து, அந்த அலுவலகக் கட்டடம் அருங்காட்சியகமானது. பழைய டைப்ரைட்டர்களைத் தேடி வந்தார்கள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நிமிர்ந்து நின்று கொடுத்தேன்.

திறப்பு விழாவுக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்த தங்கை கணவர், அட்டையில் இருந்ததைப் படித்துச் சொன்னார். நாடு கடத்தும் உத்தரவுகள் இந்த இயந்திரத்தில் அடிக்கப்பட்டன என்று இருந்ததாம். கீழே என் தந்தையின் பெயர்.

எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே மணி கிடையாது. வாசலில் அழைப்பு மணி இல்லை, வருகிறவர்கள் குரல் கொடுக்க வேண்டும். அலாரம் அடிக்கும் கடிகாரம் வாங்கியதில்லை. சைக்கிள் வந்தால் மணியைக் கழற்றிய பிறகுதான் அப்பா அதை உள்ளே விடுவார். "மணியடிச்சா எழுந்து போறவங்க இல்ல நாம" என்பார். அதைத் தன்மானம் என்று எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பிறகும் அந்த முறையைக் காத்துவந்தேன். தங்கையும் அவள் கணவரும் எங்கள் வீட்டோடு இருப்பவர்கள். அவர்களும் அப்படியே.

கூடத்தில் புதுப் பெயிண்டும் எந்திர எண்ணெயும் மணந்தன. வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே மேசைக்கு ஒரு டைப்ரைட்டராக வரிசையாக வைத்திருந்தார்கள்.

"என்ன மச்சான், எல்லாம் பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

"இந்த வெயில்ல கோட்டு போட்டுட்டு வந்தா சிரிக்காம என்ன செய்யும்?" என்றாள் தங்கை.

"உங்க அண்ணன்தான் போடச் சொன்னார். குடும்ப கௌரவம் என் முதுகுல வேர்த்து ஊத்துது."

அப்பாவின் டைப்ரைட்டர் கடைசி மேசையில் இருந்தது. அதற்கு எதிரே சுவரை ஒட்டி நீண்ட மர பெஞ்சு, அந்தக் காலத்து பெஞ்சு. உட்காரும் இடம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பள்ளமாக, வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. பெஞ்சின் முனையை ஒட்டி ஒரு கதவு.

"அது சும்மா காட்சிக்கு ஐயா," என்றார் காப்பாளர் அம்மா. "பின்னாடி செங்கல் வச்சு அடைச்சாச்சு."

தங்கைக்கு முழங்கால் வலி. கதவுப் பக்கத்து முனையில் போய் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை அவளுக்கு அடுத்து உட்கார்ந்தார். நான் உட்காரவில்லை. அட்டையை எடுக்கச் சொன்னேன்.

"இதக் கேட்டுட்டுச் சொல்லுங்க," என்று காப்பாளர் அம்மா சுவரிலிருந்த பொத்தானை அழுத்தினார். வயதான ஒரு பெண்ணின் குரல் வந்தது. ஏற்ற இறக்கமே இல்லாத குரல்.

"அந்த பெஞ்சுல அம்மா பக்கத்துல உக்காந்திருந்தேன். எதிர்ல ஆளுக்கு ஒரு வரி டைப் அடிப்பாங்க. வரி முடிஞ்சதும் மெஷின்ல மணி அடிக்கும். அதுதான் கூப்பிடறது. முதல்ல இருக்கிறவங்க எழுந்து பின்கதவு வழியாப் போயிடணும். வெளிய லாரி நிக்கும். மத்தவங்க ஒரு இடம் தள்ளி உக்காருவாங்க. யாரும் சொல்ல வேண்டியதில்ல. மணி கேட்டா உடம்பே நகர்ந்துடும். அம்மா போனதும் அம்மா இடத்துக்கு நான் நகர்ந்தேன். பலகை சூடா இருந்துச்சு."

குரல் நின்றது.

எனக்கு வழி கிடைத்துவிட்டது.

"மணி அடிச்சதுன்னு உங்க சாட்சியே சொல்றாங்க," என்றேன். "எங்க அப்பா மெஷின்ல மணியே கிடையாது. துடைச்சுக் கொடுத்தப்பவே பார்த்தேன். நீங்களும் தள்ளிப் பாருங்க."

அவர் உருளையை முனை வரை தள்ளினார். இரும்பு நகரும் ஓசை மட்டும் வந்தது. மறுபடியும் தள்ளினார். குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஆமா, இல்ல. ஆச்சரியமா இருக்கு. எல்லாத்துலயும் இருக்குமே." பக்கத்து மேசையிலிருந்த டைப்ரைட்டரைச் சாய்த்துக் காட்டினார். "பாருங்க, இதுதான் மணி."

பார்த்தேன். பாதி எலுமிச்சம்பழ அளவில், கவிழ்த்து வைத்த சின்ன வெள்ளை உலோகக் கிண்ணம். திருகாணி போக நடுவில் ஒரு துளை.

அப்பாவிடம் ஒரு பொத்தான் கிண்ணம் இருந்தது. சட்டைக் கைப் பொத்தான்களைக் கழற்றி அதில் போடுவார். அடியில் ஓட்டை, அதைத் தக்கையால் அடைத்திருந்தார். அவருக்குப் பிறகு அது என்னிடம் வந்தது. அன்று காலையும் அதில் கைவிட்டு எடுத்த பொத்தான்களைத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

"அண்ணா," என்றாள் தங்கை மெதுவாக. "நம்ம கிண்ணம்..."

அவளைப் பார்த்தேன். நான் அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டில் யாரும் பேச மாட்டார்கள்.

காப்பாளர் அம்மா நிமிர்ந்தார். "மணி இல்லாத மெஷின்னா நீங்க சொல்றது நியாயம்தான். இது எப்பவும் இப்படித்தான் இருந்ததா ஐயா?"

"எனக்குத் தெரிஞ்ச நாளா இப்படித்தான்."

அதில் பொய் இல்லை. நான் பிறந்தது அந்த அலுவலகம் மூடியதற்குப் பின்னால்.

"சரி, மாத்திடறேன்," என்றார். கண்ணாடிச் சட்டத்திலிருந்து அட்டையை உருவினார். என் தந்தையின் பெயர் வெளியே வந்தது.

மணி அடித்தது.

சின்ன, சுத்தமான ஒலி. ஒரே தடவை.

மாப்பிள்ளை சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "என் ஃபோன் இல்ல மச்சான்."

எண்ணெய் மணம் போய்விட்டது. அதற்குப் பதில் நனைந்த கம்பளித் துணியின் நாற்றம், பல நாள் குளிக்காத உடம்புகளின் நாற்றம், தூரத்தில் டீசல் புகை. வேர்த்திருந்த என் கழுத்து சில்லிட்டது.

தங்கை எழுந்தாள். முழங்கால் வலிக்காரி கையை ஊன்றாமல் எழுந்தாள். கைப்பையை மூட்டைபோல மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பாப்பா, எங்க போற?"

திரும்பவில்லை. எழுபது வயதிலும் பாப்பா என்று கூப்பிட்டால் முகம் சுளிப்பவள் அவள்.

மாப்பிள்ளை நகர்ந்து அவள் இடத்தில் உட்கார்ந்தார்.

"எதுக்கு மாப்பிள்ளை நகர்ந்தீங்க?"

"நானா? நான் எங்க நகர்ந்தேன்?"

அவருக்கு அந்தப் பக்கம் பெஞ்சு காலி. அதில் பலகை கிறீச்சிட்டது. அதற்கும் அப்பால் இன்னொரு கிறீச். பிறகு இன்னொன்று. மறுமுனை வரை ஒவ்வொன்றாகக் கேட்டது.

எல்லாரும் ஓரிடம் தள்ளி உட்கார்கிறார்கள்.

எதிர் மேசையில் அப்பாவின் டைப்ரைட்டர் அடிக்கத் தொடங்கியது. தாள் இல்லை. விசைகள் தாமாக அமுங்கி எழுந்தன. வேகமாகவோ கோபமாகவோ இல்லை. ஒரு நாள் வேலையை ஒழுங்காகச் செய்யும் ஒருவரின் நிதானம் அது. காப்பாளர் அம்மா அட்டையைப் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றார்.

மணி அடித்தது.

மாப்பிள்ளை எழுந்தார். எப்போதும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் அந்த வாய் மூடியிருந்தது. கோட்டுப் பொத்தானை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு தங்கையின் பின்னால் போய் நின்றார்.

தங்கை தாழ்ப்பாளை விலக்கினாள்.

கதவு திறந்தது.

அங்கே செங்கல் இல்லை.

இருட்டு இருந்தது. அதற்குள் ஓர் எஞ்சின் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. குளிர்காற்று வந்து மாப்பிள்ளையின் கோட்டு நுனியை ஆட்டியது.

ஓடிப்போய்த் தங்கையின் கையைப் பிடித்திருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். பிடித்தேன். அவள் கையில் எலும்பு இருந்தது, சூடு இருந்தது. என்னைத் தெரிந்த அடையாளம் எதுவும் இல்லை. இழுத்தும் அசையவில்லை. வரிசையில் நிற்பவளை வெளியே இழுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்பதுபோல் இருந்தது.

அப்போது விசைகள் சற்று நின்றன. மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு செருமல் வந்தது. இரண்டு முறை செருமி, பிறகு தண்ணீர் கேட்பவரின் செருமல். முப்பது வருடம் ஒரே வீட்டில் கேட்டிருக்கிறேன்.

காலி நாற்காலியைப் பார்த்துப் பேசினேன்.

"அப்பா. கிண்ணம் என்கிட்ட இருக்கு."

விசைகள் அசையவில்லை.

"நீங்க பொத்தான் போட்டு வச்ச கிண்ணம். அது இந்த மெஷினோட மணி. நீங்கதான் கழட்டியிருக்கீங்க. அந்த உத்தரவெல்லாம் நீங்கதான் அடிச்சிருக்கீங்க." பிறகு காப்பாளர் அம்மாவிடம் திரும்பினேன். "அட்டைய அதோட இடத்துல வச்சிடுங்கம்மா. பேரு இருக்கட்டும்."

அட்டை உடனே சட்டத்துக்குள் போகவில்லை. இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை உட்கார்ந்தது.

எஞ்சின் சத்தம் நின்றது. எண்ணெய் மணம் திரும்பியது. தங்கை திறந்த கதவுக்கு முன்னால் செங்கல் சுவரில் நெற்றி முட்ட நின்றிருந்தாள்.

"என்னம்மா செஞ்ச?" என்றேன்.

"என் முறை வந்துடுச்சுல்ல," என்றாள். அதிலே கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் சொன்னாள்.

மாப்பிள்ளை தன் கோட்டுப் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வீடு வரும்வரை ஒரு கேலியும் இல்லை. அதற்குப் பின்னாலும் அதிகம் இல்லை.

மறுநாள் தக்கையை எடுத்துவிட்டு, கிண்ணத்தைத் துடைத்து, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டியில் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். பெற்ற தகப்பனைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டேன் என்று உறவினர் சிலர் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் அன்று அங்கே இல்லை. என் பொத்தான்களை இப்போது மேசைமேல் வைக்கிறேன். அவை உருண்டு போகின்றன.

அருங்காட்சியகத்தில் பெட்டிக்குள் அந்த மணி தானாக அடிக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு. அது தவறு. காப்பாளர் அம்மாவிடம் நேரில் விசாரித்துவிட்டேன். அன்றைக்குப் பிறகு அங்கே அது அடித்ததே இல்லை. அடிப்பது எங்கள் வீட்டில். முன்கூடத்தில் சுவரோரம் பிரம்பு நாற்காலிகள் போட்டிருக்கிறோம். பகலில், நாங்கள் மூவரும் உட்கார்ந்திருக்கும்போது, அடிக்கும். யாரும் எதுவும் சொல்வதில்லை. ஓரிடம் தள்ளி உட்காருகிறோம். எங்களுக்குப் பின்னால் காலி நாற்காலிகளின் பிரம்பு ஒவ்வொன்றாக அமுங்கும். வாசல் பக்கத்து முதல் நாற்காலிக்கு இப்போது நான் வந்திருக்கிறேன். குடும்பத்தில் மூத்தவன் நான். அது முறைதான்.