அண்ணி போட்ட கையெழுத்து

"என்னடி இது... ஒண்ணுமே இல்லையே!"

கணவன் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. காலை ஏழு மணி. எட்டு மணிக்கு அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருக்க வேண்டும். சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அவன் கையில் பேங்க் பாஸ்புக் விரிந்திருந்தது. மகளின் நர்சிங் படிப்புக்காக ஆறு வருஷம் சேர்த்த பணம் அதில் இருந்திருக்க வேண்டும். ஃபீஸ் கட்டத் திங்கட்கிழமை கடைசி நாள்.

"ஏழு மாசமா மாசாமாசம் எடுத்திருக்கே. யாருக்குக் கொடுத்தே?"

அவள் குனிந்து கரண்டியை எடுத்தாள்.

"உன் தம்பி கடை போட்டானே... அங்கேதானே போச்சு? சொல்லித் தொலையேன்!"

"சத்தியமா இல்லைங்க..."

"அப்ப எங்கே போச்சு?"

கூடத்திலிருந்து மாமியார் எழுந்து வந்தாள். "அவ எப்படிடா சொல்லுவா? பெத்த பொண்ணு வயித்துல அடிச்சுப் பொறந்த வீட்டை வாழவெச்சிருக்கா! நாமதான் இத்தனை நாளா ஏமாந்திருக்கோம்."

சாப்பாட்டு மேசையில் கணவனின் தம்பி உட்கார்ந்திருந்தான். இருபத்து மூன்று வயசாகியும் வீட்டில் அவன் பெயர் சின்னவன்தான். அவள் ஒரே ஒரு தடவை அவனைப் பார்த்தாள். அவன் தட்டைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தான்.

"அம்மா..." மகள் கதவோரம் நின்றிருந்தாள். "எனக்குன்னு சேத்து வெச்சிருக்கேன்னு சொன்னியே. அது பொய்யா?"

அதுவரை தாங்கிய நெஞ்சு அந்தக் கேள்வியில் உடைந்துபோயிற்று. ஆனாலும் அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். வாசலில் சின்னவனின் சிவப்புக் கார் உறை போர்த்தி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் தெருவுக்கு இறங்க வேண்டியிருந்தது.

அவள் கல்யாணமாகி வந்தபோது சின்னவனுக்கு நாலு வயசு. குளிப்பாட்டியதும் பள்ளிக்கூடத்துக்குக் கைபிடித்து அழைத்துப் போனதும் அவள்தான். இரண்டு வருஷத்துக்கு முன் ஏதோ பைக் கடனில் மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "இன்னொரு தடவை கடன்னு வந்தே, இந்த வீட்டுப் படி ஏறாதே" என்று அண்ணன் சொல்லியிருந்தான். சொன்னால் செய்துவிடுகிற மனுஷன்.

அதனால்தான் கார் வாங்கும்போது சின்னவன் அண்ணனிடம் போகாமல் அண்ணியிடம் வந்தான். தன் சம்பாத்தியத்தில் ரொக்கமாகக் கட்டிவிட்டதாக அண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றான். கண்ணாடிச் சுவர் போட்ட அந்த ஷோரூமில் விற்பனையாள் சின்னவனிடம் கேட்டது ஒரே கேள்விதான். "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" சின்னவன் ஒரு தொகை சொன்னான். அந்த ஆள் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டித் திரையைத் திருப்பினான். சொல்லி வைத்ததுபோல் அதே தொகை! மொத்தமாக எவ்வளவு ஆகும் என்று அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. பதினாலு பக்கத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவைத்த இடங்களிலெல்லாம் சின்னவன் கையெழுத்துப் போட்டான். ஜாமீன் என்று இருந்த இடத்தில் அவள் போட்டாள்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மேடம்" என்று சிரித்தான் அந்த ஆள்.

நாலு மாசம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு அவன் வேலை பார்த்த கால்சென்டரில் அவன் பிரிவையே மூடிவிட்டார்கள். அடுத்த மாசம் கார்க் கடன் கம்பெனியிலிருந்து சலவைக்கூடத்து ஃபோனில் அவளைக் கூப்பிட்டார்கள். அவன் கட்டாவிட்டால் நீங்கள் கட்ட வேண்டும் அம்மா, என்றது ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக.

"வண்டியைத் திருப்பிக் கொடுத்துடுடா" என்று கெஞ்சினாள்.

"வேலை கிடைச்சுடும் அண்ணி. ரெண்டே ரெண்டு மாசம்... அண்ணனுக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

ரெண்டு மாசம் ஏழு மாசமாயிற்று. பாஸ்புக் காலியாயிற்று.

பாஸ்புக் சண்டை நடந்த அந்த வாரம் வியாழக்கிழமை சின்னவன் தானே வண்டியை ஒப்படைத்துவிட்டு வந்தான். அதோடு தீர்ந்தது என்று அவனும் அண்ணியும் நம்பினார்கள். கடனில்தான் வாங்கினேன், தவணை கட்ட முடியவில்லை என்று வீட்டில் அழுதான். வேலையும் போய் வண்டியும் போய் நின்றவனைப் பார்த்து அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டான். மாமியார் பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு மருமகளைப் பார்த்தாள்.

"அந்தப் பணம் வீட்டுல இருந்திருந்தா என் பிள்ளைக்கு ஒரு கை கொடுத்திருக்கலாம். ஒருத்தி அதையும் வாரிக் கொடுத்துட்டா!"

அவள் உள்ளே போய்ப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள்.

ஃபீஸ் கட்டும் நாள் போய்விட்டது. மகள் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். அம்மாவோடு பேச்சே இல்லை. கணவனும் அவள் பரிமாறுவதற்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டான். தானே போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். முந்தின நாள் வந்து பிரிக்காமல் கிடந்த தன் பெயர் போட்ட கவர் ஒன்றைச் சின்னவன் பிரித்தான். படிக்கப் படிக்க முகம் வெளுத்துப்போயிற்று. எதிரில் அண்ணி தன் மகளின் தட்டில் சோறு வைக்கப் போனாள். அந்தப் பெண் தட்டை விருட்டென்று இழுத்துக்கொண்டாள். கரண்டி அந்தரத்தில் நின்றது.

அந்தக் கடிதத்தை மடித்து அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருக்கலாம்.

"குட்டி, அம்மா மேல கோவப்படாதே..." என்றான் சின்னவன். "உன் ஃபீஸைத் தின்னது நான்தான்."

"என்னடா சொல்றே?" என்றான் அண்ணன்.

"என் கார் தவணையை ஏழு மாசம் அண்ணிதான் கட்டினாங்க. ஜாமீன் போட்டதும் அவங்கதான். எல்லாரும் அவங்களைத் திட்டினப்ப நான்... நான் உக்காந்து தின்னுட்டிருந்தேன்ண்ணே!"

கடிதத்தை மேசைமேல் வைத்தான். காரை ஏலத்தில் அடிமாட்டு விலைக்குத் தள்ளியிருந்தார்கள். அது போக மீதிக் கடன், அவன் கேட்காமலே சேர்த்திருந்த இன்ஷூரன்ஸ், ஏலக்கூடத்துக்கு இழுத்துப்போன கூலி, நிறுத்திவைத்த வாடகை என்று அண்ணியின் ஒன்பது மாசச் சம்பளம் இன்னும் பாக்கி. பதினைந்து நாளில் அவன் கட்டாவிட்டால் ஜாமீன் போட்டவரின் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

கணவன் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. ஓங்கிய கையை அவள் குறுக்கே வந்து பிடித்தாள்.

"விடுங்க... அடிச்சு என்ன ஆகப்போவுது?"

"ஏன்டி சொல்லலை? என்கிட்ட ஒரு வார்த்தை..."

"சொல்லியிருந்தா இவனை வெளியில தள்ளியிருப்பீங்க. அதான் சொல்லலை. என் மேலயும் தப்பு இருக்கு, என் பொண்ணைக் கேக்காம அவ பணத்தை எடுத்தேன்." அவள் குரல் உயரவில்லை. "ஆனா பத்தொன்பது வருஷம் கூட இருந்திருக்கேன். பணம் எங்கேன்னு அத்தனை தடவை கேட்டீங்களே, இவ அப்படிச் செய்யறவளா இல்லையான்னு ஒரு தடவை யோசிச்சீங்களா?"

அவன் சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தினான். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் கைகளைப் பற்றினாள். ப்ளீச் பட்டு விரலெல்லாம் வெடித்திருந்தன. அந்த வீட்டில் யாரும் அதை அதுவரை பார்த்ததில்லை.

"நாக்கு அழுகிடும் எனக்கு... மன்னிச்சுடும்மா..."

"அழாதீங்க அத்தை."

மகள் வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு தோளில் முகம் புதைத்தாள். "அம்மா... அம்மா..." என்பதைத் தவிர அந்தப் பெண்ணுக்கு வேறு வார்த்தை வரவில்லை. அப்போதுதான் அவள் அழுதாள். இத்தனை மாசமாக அடக்கி வைத்ததெல்லாம் வாய்விட்டு வந்தது.

பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து பையை எடுத்தாள். இரண்டு மணிக்கு ஓவர்டைம் ஷிப்ட்.

"இன்னிக்காவது வீட்டுல இரேன்" என்றான் கணவன்.

"ஒன்பது மாசச் சம்பளம் பாக்கியிருக்கேங்க."

அவள் படியிறங்கித் தெருமுனை வரை போயிருப்பாள். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. செருப்புக்கூடப் போடாமல் சின்னவன் மூச்சிரைக்க வந்தான்.

"அண்ணி... உங்க சலவைக்கூடத்துல மூட்டை தூக்க ஆள் எடுப்பாங்களா?"

அவள் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினாள்.