சாரதாம்பாள் அனுப்பிய இடங்கள்

மதியம் மூன்று மணிக்கு ஜெயப்ரியா மடிக்கணினியைத் திறந்தபோது வரைபடத்தில் ஒரு சிவப்புக் கட்டம் கரையேறியிருந்தது. நேற்றுவரை அரசலாற்று முகத்துவாரத்தில் நின்ற சிவப்பு, இன்று மீன் ஏலக் கொட்டகையின் மேல் உட்கார்ந்திருந்தது.

கடலில் புதிதாகக் குடியேறிய ஒரு மீன் அடுத்து எங்கே பரவும் என்று கணித்துச் சொல்வது அவள் வேலை. ஊர் அதற்கு ஊசிக்காரி என்று பெயர் வைத்திருந்தது. முதுகு நெடுக விஷமுள். அதைப் பார்த்தவர்கள் கைபேசிச் செயலியில் இடத்தைத் தொட்டுக் காட்டி, எண்ணிக்கையும் படமும் அனுப்புவார்கள். அதை வைத்துக் கணினி கட்டம் போடும்.

மீன் பட்ட இடத்தை எந்த மீனவனும் உள்ளபடி சொல்ல மாட்டான். மீனவர் வீட்டில் பிறந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். அப்பாவுமா என்றுதான் அசந்துவிட்டாள். அப்பா நாகராஜ் தன் முதல் ஊசிக்காரியைப் பிடித்தது முகத்துவாரத்தில். அனுப்பியதோ, கிழக்கே கடலுக்குள், பத்துப் பாகம், அதாவது பத்தாள் ஆழத்தில் என்று.

"உள்ளதச் சொன்னா மறுநாளே அந்த எடத்துல அம்பது படகு வந்து நிக்கும். ஒண்ணுதானேன்னு நெனச்சேன்மா" என்றார், எல்லாம் முடிந்த பிறகு.

அவர் பேச்சை நம்பி, முகத்துவாரத்தில் பயமில்லை என்று ஊர்க்கூட்டத்தில் அவள்தான் சொன்னாள். கைதட்டக்கூடச் செய்தார்கள். மறுவாரம் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் இறால் தடவப் போன அம்மா சாரதாம்பாள் திரும்பவில்லை. ஒரே ஒரு அலறல் கேட்டதாம். இறால் போடும் பறி மட்டும் கரை ஒதுங்கியது. உடலும் கிடைக்கவில்லை, கழுத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் தொங்கிய கைபேசியும் கிடைக்கவில்லை. அப்பாவை அவள் மன்னிக்கவில்லை. தன்னையும்தான்.

மின்சாரம் போனது. விசிறி மெல்லச் சுற்றி நின்றதும், அதுவரை விசிறிச் சத்தத்தில் அமுங்கியிருந்த ஒன்று காதில் விழுந்தது: கொல்லைக் கிணற்றுக்குள் யாரோ துணி அலசுவதுபோல நிதானமாக, இடைவெளி விட்டு, தண்ணீர் புரளும் சத்தம். கூடவே ஆற்றுச் சேறும் பச்சை இறாலும் கலந்த வாடை; அம்மா வீட்டுக்குள் நுழையும்போது முன்னால் வரும் அதே வாடை. அந்தக் கிணறு உப்பேறி இரண்டு வருடமாகிறது. பழைய வலை போட்டு மூடித்தான் வைத்திருந்தார்கள்.

திரையில் இன்னும் இரண்டு கட்டங்கள் முளைத்தன. மாரியம்மன் கோயில் வாசல். தெருமுனைக் குழாய்.

அம்மா இறாலோடு வீட்டுக்கு வரும் வழி.

அனுப்பியவர் பெயரைத் திறந்து பார்த்தாள். சாரதாம்பாள்.

"அப்பா, அம்மா போன் யாருகிட்ட இருக்கு?"

வாசலில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தண்ணியோட போனதுக்கு இப்ப என்னம்மா?"

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைக்கப் பார்த்தாள். முடியவில்லை. நூற்றுப் பதினேழு பேர் அனுப்பும் செயலியில், ஒருநாளும் இடத்தை மாற்றிச் சொல்லாதவள் அம்மா ஒருத்திதான்.

கையிலிருந்த கைபேசி அதிர்ந்தது. புதுத் தகவல்.

இடத்தைப் பெரிதாக்கினாள். அவர்கள் தெரு. அவர்கள் வீடு. கொல்லை.

எண்ணிக்கை: ஒன்று.

படம் இறங்க நேரமானது. முதலில் கறுப்பு. பிறகு கலங்கிய பச்சை. தண்ணீருக்கு அடியிலிருந்து மேல்நோக்கி எடுத்த படம். உச்சியில் வட்டமாக வானம். வட்டத்தின் விளிம்பில் ஒரு சின்ன முகம் எட்டிப் பார்த்துச் சிரித்தது. காலையில் மகளுக்கு அவள் போட்டுவிட்ட இரண்டு பின்னல்களும் கீழே தொங்கின.

"பாப்பா எங்கப்பா?"

"காவ்யாவா? அம்மாச்சி கூப்புடுதுன்னு கொல்லைக்கு ஓடுச்சு. புள்ள ஏதோ ஒளறுதுன்னு விட்டுட்டேன்."

ஓடினாள். அடுப்படி. பின்கதவு. வெயில்.

வலை ஒருபக்கம் ஒதுங்கிக் கிடந்தது. கிணற்றடியில் சின்னச் செருப்பு. இரண்டும் அடுத்தடுத்து, ஒழுங்காகக் கழற்றி வைத்தபடி. சத்தம் நின்றிருந்தது. தண்ணீரில் சலனமே இல்லை.

"காவ்யா!"

கைபேசி அதிர்ந்தது.

இடம் அதேதான்.

எண்ணிக்கை: இரண்டு.