கூடிப்போன ஓர் எழுத்து

யாரைப் பார்க்கவே கூடாது என்று மாஹிதாப் மழையில் ஓடிவந்தாளோ, விருந்து வீட்டு வாசலில் அவன் மேலேயே மோதிக்கொண்டாள்... ஹாதிம்! கையில் பெரிய தட்டு. அதில் அவள் தைத்த காடாத் துணிப் பைகள்.

"மெதுவா... வீடு எங்கேயும் ஓடிப்போகாது."

பாழாய்ப்போன அந்தக் கண்கள்... அவற்றால்தானே இத்தனையும்!

நான்கு நாளைக்கு முன்பு, அலெக்ஸாண்ட்ரியாவே நனைந்துகொண்டிருந்த ஒரு மாலையில் அவள் தையல் கடைக்குள் வந்து நின்றான். அக்கா குழந்தைக்கு ஏழாம் நாள் விருந்து. வருகிறவர்களுக்குக் கடலையும் மிட்டாயும் கல்லுப்பும் போட்டுக் கொடுக்க நாற்பது பை வேண்டும். ஒவ்வொன்றிலும் 'ஹபீப்' என்று குழந்தையின் பெயர்.

"நாலு நாள்லயா? பிள்ளை பிறக்கப்போறது ஒன்பது மாசமா தெரியாதா உஸ்தாத்?"

"தெரியும். பேருதான் இன்னைக்கு சண்டை போட்டு முடிவாச்சு."

சிரித்துத் தொலைத்தாள். அதற்கப்புறம் தினமும் வந்தான். பை கட்டப் பேரீச்சை நார் போதுமா, ஊசி உடைஞ்சுதா என்று ஏதாவது ஒரு சாக்கு... கையில் சுடச்சுடச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு.

மூன்றாம் நாள் அவன் அக்கா ஈனாஸ் வந்தாள். துணியைத் தேய்த்துப் பார்த்தாள். "விருந்தன்னைக்கே தம்பிக்குப் பொண்ணு பேசி முடிக்கிறோம். டாக்டர் வீட்டுப் பொண்ணு. நீ பையை மட்டும் பாரும்மா."

"பையைத்தான் பாக்கிறேன். உங்க தம்பியை இல்ல."

வீம்பாய்ச் சொல்லியாயிற்று. ஆனால் அன்று கடைசிப் பையில் ஊசி 'ப்'-போடு நிற்கவில்லை. அரபியில் ஒரே ஓர் எழுத்து கூடி, ஹபீப், ஹபீபி ஆகிவிட்டான். என் அன்பே... காய்கறிக்காரர்கூட வாய்க்கு வாய் அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் யாரும் அதை நூலில் தைத்துக் கொடுப்பதில்லை.

அதைக் குவியலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வேறொன்று தைத்தாள். இன்று காலை, அவள் உள்ளே தேநீர் போடுகிற நேரம் பார்த்து, அவன் எல்லாவற்றையும் வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்!

அது யார் கையிலாவது சிக்கினால்? வாடிக்கைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு வலை வீசினாள் என்று தெருவே பேசும். பிறகு யார் அவளிடம் பை தைக்கக் கொடுப்பார்கள்?

உள்ளே ஏழாம் நாள் வழக்கப்படி குழந்தையைச் சல்லடையில் கிடத்தியிருந்தார்கள். பித்தளை உரல் டங் டங்கென்று ஒலித்தது. அவள் தட்டிலிருந்த பைகளைப் புரட்டினாள். ஹபீப்... ஹபீப்... ஹபீப்...

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுல தையல் தப்பாயிடுச்சு."

"என்ன தப்பு?"

"ஒரு எழுத்து... கூடிப்போச்சு."

தட்டைக் கீழே வைத்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு பையை எடுத்தான். "இதுவா?"

அவள் எட்டிப் பறிக்கப் பார்த்தாள்.

"காலையிலேயே பார்த்துட்டேன். யாருக்கும் காட்டல."

"குடுங்க. பிரிச்சுத் தந்துடறேன்."

"இங்கேயே பிரிங்க. என் கண்ணு முன்னாடி."

கழுத்தில் தொங்கிய சின்னக் கத்தரியை எடுத்து, அந்த எழுத்தின் அடியில் நுழைத்தாள்.

"ஹாதிம், பொண்ணு வீட்டுக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க. வாடா," என்றாள் அக்கா உள்ளிருந்து.

அவன் அசையவில்லை. "நீங்க வெட்டினா உள்ள போய்த் தலையாட்டிடறேன்."

"வெட்டலைன்னா?"

"நாலு நாளா நான் நார் பாக்கவா வந்தேன் மாஹிதாப்?"

ஒரு வெட்டு. வெட்டிவிட்டால் மானம் மிஞ்சும், தொழில் மிஞ்சும். வெட்டடி... வெட்டித் தொலை... கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நூலே தெரியவில்லை.

கத்தரியை உருவிக் கீழே விட்டாள். அது மார்பில் மோதி ஆடியது.

"தப்பில்ல... வேணும்னுதான் தச்சேன்."

ஹாதிம் பையை வாங்கி மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அக்கா, டாக்டர் வீட்டுக்காரங்களுக்கு ஆளுக்கு ரெண்டு பை குடுத்து அனுப்பிடு. நான் மாஹிதாபைக் கூட்டிக்கிட்டு வரேன்."