வலது கன்னத்து மச்சம்

ஞாயிறு காலை ஒன்பது மணி. ருவான்வெல்லைக்குப் பக்கத்து இறப்பர் தோட்டத்தில் மண்டபத்தைத் திறந்தபோது சுவரில் ஆணி இருந்தது, படம் இல்லை.

சாதாரணப் படமா அது? தோட்டத்தின் வரலாற்றைப் படங்களால் சொல்லும் கண்காட்சிக்காக, குழுத் தலைவர் கஜேந்திரன் இணையத்தில் மாதக்கணக்கில் மூழ்கி எடுத்த முத்து. எப்படித் தேடினாலும் மலைநாட்டுத் தேயிலைக் கொழுந்துக் கூடைகளும் மலாயா இறப்பர் மரங்களுமே வந்து விழுந்தனவாம். கடைசியில் லண்டன் ஆவணக் காப்பகம் மனமிரங்கியதாம். மரத்தடியில் கத்தியோடு ஒரு மனிதர். கீழே, 'நமது முதல் பால்வெட்டுத் தொழிலாளி, 1910'. அதை வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பி, எல்லாரும் பாராட்டும்வரை தலைவர் விடவில்லை.

திருடியது யாரென்றும் அவரே சொல்லிவிட்டார்: மண்டபம் கூட்டும் தெரேசம்மா. இரண்டாவது சாவி அவரிடம்தான். முந்தின நாள் மாலை படத்தின் முன் நின்று, இது எங்க அப்பா என்று அழுதவரும் அவர்தான். 2016இல் அரநாயக்கவில் மண் சரிந்து அவர் அப்போதிருந்த வீட்டை மூடியபோது, அப்பாவின் ஒரே படமும் உள்ளே போயிருந்தது. அப்பாவுக்கு மச்சம் எந்தப் பக்கம் என்று தலைவர் கேட்க, இடது கன்னம் என்றார். படத்தில் வலது கன்னம். கூட்டம் சிரித்தது.

லீவில் வந்திருந்த பொலிஸ் சார்ஜன்ட் டிலானி சிரிக்கவில்லை. அவரும் அதே தோட்டத்துப் பிள்ளை. 9.20க்குக் கேள்விகள் தொடங்கின.

"பொலிசுக்குச் சொன்னீங்களா, தலைவரே?"

"தோட்டத்து மானம் போயிரும்."

"கம்பியூட்டர்ல இருக்குமே. இன்னொண்ணு அடிச்சு மாட்டுங்க."

"அழிஞ்சிருச்சு."

"லண்டன்ல இருக்குமே. எந்தத் தளம்?"

தலைவர் இருமினார்.

டிலானி தன் போனிலிருந்த வாட்ஸ்அப் படத்தைப் பெரிதாக்கினார். எல்லாரும் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மரத்தைப் பார்த்தார். பட்டையில் வெட்டு வலமிருந்து இடமாகச் சரிந்து இறங்கியது.

"நம்ம தோட்டத்துல இப்பிடி வெட்டுவாங்களா, தெரேசம்மாக்கா?"

"எடது மேல, வலது கீழ. மாத்தி வெட்டுனா பால் கொறையும். கங்காணி சும்மா விடுவாரா?"

டிலானி படத்தை இடம் வலமாகத் திருப்பினார். வெட்டு சரியானது. மச்சமும் இடது கன்னத்துக்கு வந்து சேர்ந்தது. திருப்பிய படத்தை இணையத்தில் தேடவிட்டார். வெளிநாட்டுப் பயணி ஒருவரின் பக்கம் வந்து நின்றது: 'லோரன்ஸ், பால் வெட்டுபவர், ருவான்வெல்லை, 1974.' படத்தின் ஓரத்தில் எடுத்தவர் பெயர். லோரன்ஸ், தெரேசம்மாவின் அப்பாவேதான்.

"பேர வெட்டி எறிஞ்சிட்டு, தேடுனா ஆப்பிடாம இருக்கப் படத்தத் திருப்பிட்டீங்க. வருசத்தையும் பின்னால தள்ளிட்டீங்க. நேத்து மகளே வந்து நின்னதும் பயம் புடிச்சிருச்சு. தொலைஞ்ச படத்த மறுபடி மாட்ட விரும்பாத ஆளு, இங்க நீங்க ஒருத்தர்தான். ஒங்க அலுமாரிச் சாவியக் குடுங்க."

அலுமாரிக்குள், தலைவருக்கு இதுவரை போர்த்திய பொன்னாடைகளுக்கு அடியில், படம் கிடந்தது.

தெரேசம்மா திட்டுவார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் டிலானியின் போனைக் கையில் வாங்கி, மச்சத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். படமெடுத்தவருக்கு நன்றி எழுதிப்போடச் சொன்னார். பிறகு தலைவரிடம் வந்தார்.

"நீங்க திருடாட்டி இந்த மொகத்த நான் எங்க போயித் தேடியிருப்பேன்? மாதா ஒங்கள நல்லா வச்சிருக்கணும்."

எந்த மேடையிலும் ஒலிவாங்கியை விடாத தலைவருக்கு ஒரு சொல் வரவில்லை. அதற்காகத் தோட்டமே தெரேசம்மாவுக்கு நன்றி சொன்னது.