பதினேழாம் துளை

பதில் சொல்ல வேண்டிய சர்வரை சியாலே இன்னும் ஓடவே விடவில்லை. ஆனால் பதில் வந்துவிட்டது.

முந்தின நாள் புயலில் அந்தச் சிறு தீவு ஆஸ்பத்திரியின் கணினிகள் கருகிப்போயின. மிஞ்சிய ஒரே பெட்டிக்குள் ஆறு மெய்நிகர் கணினிகளை அவள் உருவாக்கியிருந்தாள். நினைவு வட்டில் ஒன்றுமில்லாமல் விழிக்கும் ஒவ்வொன்றும் கணினி வலையில் குரல் கொடுக்கும்; அவளுடைய சர்வர் அதற்கு முகவரி கொடுத்து, நிறுவ வேண்டிய மென்பொருளை அனுப்பும். அதன் பிறகுதான் நோயாளிகளின் பதிவுகளை நகலிலிருந்து மீட்க முடியும்.

முதல் கணினி யாரிடமோ முகவரி வாங்கிக்கொண்டு கறுத்த திரையோடு எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. அணைத்தாள். தன் சர்வரை ஓடவிட்டு மறுபடி எழுப்பினாள். இந்த முறையும் அந்த யாரோதான் முந்திக்கொண்டது.

பிரசவ அறையிலிருந்து நர்ஸ் லவீனியா ஓடிவந்தாள். கையுறையெல்லாம் ரத்தம்.

"அந்தப் பொண்ணுக்கு ரத்தம் நிக்கல சியாலே. போன பிரசவத்துல எந்த ரத்தம் ஒத்துக்கலைன்னு குறிப்பு இதுலதான் இருக்கு. எவ்ளோ நேரம்?"

"அரை மணி நேரம் குடுங்கக்கா."

"அவ்ளோ நேரம் அவ தாங்க மாட்டா."

பதில் எங்கிருந்து வருகிறது என்று சியாலே தேடினாள். வலைக் கம்பிகளெல்லாம் வந்து செருகும் சுவிட்ச் பெட்டியின் பதினேழாம் துளை. இடிக்கப்போகிறார்கள் என்று பூட்டிவைத்திருந்த பழைய வார்டுக்குப் போகும் கம்பி. அதைப் பிடுங்கினாள். மழை ஓட்டின் மேல் அடித்துக்கொண்டிருக்க, ஈரச் சுவரின் பூஞ்சை வாடைக்கு நடுவே, வெறும் துளையின் பச்சை விளக்கு நிதானமாக மின்னிக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன் அவள் கணவன் செமிசிதான். குறடோடு பழைய வார்டுக்கு ஓடினான். அவனோடு பேச சியாலே போனை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"இங்க ஒரு மிஷினும் இல்லடீ. கம்பி தரையில ஒரு ஓட்டைக்குள்ள போகுது. தொட்டா, நீ சுடுற மரவள்ளிக்கிழங்கை விடச் சூடு!"

"ஜோக்கு அப்புறம். வெட்டு."

குறடு கடிக்கும் சத்தம். பச்சை விளக்கு அணைந்தது. ஆறு கணினிகளும் அவளுடைய சர்வரிடமே முகவரி கேட்டன. நிறுவல் நகரத் தொடங்கியது. அழுகை முட்டியது அவளுக்கு.

"சியாலே." செமிசியின் குரல் தணிந்திருந்தது. "வெட்டின முனை உள்ள போகுது."

"போனாப் போகட்டும். விட்டுட்டு வா."

"விட வரல."

"என்ன விட வரல?"

மூச்சிரைப்பு மட்டும். இடையிடையே சிமெண்டில் துணி உரசும் ஓசை.

எழுந்தாள். திரையில் நாற்பது சதவீதம். இவள் இல்லாவிட்டால் அடுத்த கட்டளையைக் கொடுக்க யாருமில்லை. உட்கார்ந்தாள். "செமிசி, இருக்கியா?" உரசல். அறுபது. "ஏதாவது பேசு." உரசல். எண்பது. பதிவுகளை ஏற்றினாள். அச்சிட்ட தாளை, திரும்பி வந்து காத்திருந்த லவீனியா பறித்துக்கொண்டு ஓடினாள்.

சியாலே மறுபக்கம் ஓடினாள். மழை. சேறு. திறந்த கதவு.

செமிசி குப்புறக் கிடந்தான். ஓட்டை முஷ்டியளவுதான். அதற்குள் அவன் வலது கை தோள்வரை போயிருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவளைப் பார்த்தன.

"காலைப் பிடிச்சுக்கோ," என்றான்.

பிடித்தாள். இரண்டு கணுக்காலையும். குதிகாலைத் தரையில் ஊன்றினாள்.

கீழிருந்து ஓர் இழுப்பு. பிறகு மூச்சு விடும் நேரம். மறுபடி ஓர் இழுப்பு. அவசரமே இல்லை.

தோள் உள்ளே போனது.