கதவோர மெத்தை

பொகவந்தலாவை மலைகளுக்கு மூடுபனி எங்கிருந்து வருகிறது என்று சுலக்ஷனாவுக்குத் தெரியும். அப்பாவின் லொறியிலிருந்துதான்.

அப்பா வீரய்யா, தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியின் டிரைவர். லொறிக்கு அப்பாவை விட வயது அதிகம். தினமும் காலையில் அவளைப் பாடசாலை வாசலில் இறக்கிவிட்டுத்தான் அவர் மலைக்குப் போவார். இடது பக்கக் கதவோரம் அவளுடைய இடம். அந்தக் கதவில், கை வைப்பதற்கென்று நீளமாக ஒரு மெத்தை இருந்தது. அதன் ரெக்சின் உறை எப்போதோ வெடித்துவிட்டது. உள்ளே மஞ்சள் ஸ்பொஞ்சு தெரியும்.

ஒவ்வொரு வளைவிலும் அவள் விரல்கள் அதில் ஒரு சிட்டிகை கிள்ளும். ஜன்னலுக்கு வெளியே பறக்கவிடும். அது தேயிலைச் செடிகளுக்கு மேலே மிதந்துபோய், எங்கோ ஒரு பள்ளத்தில் இறங்கி, பெரிய பனியாக வளரும் என்று நினைத்துக்கொள்வாள். விரல்கள் கிள்ளுவது பல நாள் அவளுக்கே தெரியாது.

அப்படிக் கிள்ளிக் கிள்ளி, ஒருநாள் ஸ்பொஞ்சு தீர்ந்துபோனது. கதவில் மிஞ்சியது ஒரு தகரமும் துருத்திக்கொண்டு நின்ற இரண்டு திருகாணிகளும்தான்.

அதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை, அந்த வெள்ளிக்கிழமை வரும்வரை.

"தம்பிய நாளைக்கு வீட்டுக்கு அனுப்புறாங்களாம்" என்றார் அப்பா. "தோட்டத்துத் தொரைகிட்ட கேட்டுட்டேன். லொறியிலயே போய்க் கூட்டிக்கிட்டு வந்துடலாம்."

தம்பி வினோஜன் உரப்பையில் உட்கார்ந்து புல் சரிவில் சறுக்கியவன். பை நின்றுவிட்டது, அவன் நிற்கவில்லை. கை உடைந்து, அம்மாவோடு டிக்கோயா ஆஸ்பத்திரியில் இருந்தான்.

"எந்தக் கைப்பா?"

"இடது கை. மாவுக்கட்டு போட்டிருக்காங்க."

சுலக்ஷனா கதவைப் பார்த்தாள். டிக்கோயாவிலிருந்து வீடு வரை வளைவு வளைவாகத்தான் பாதை. வலது பக்கம் லொறி திரும்பும் போதெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கதவில் மோதுவார்கள். அந்தத் தகரத்தில் தம்பியின் கை போய் இடிப்பதை நினைத்ததும் அவளுக்குத் தன் முழங்கை வலித்தது.

"அவன் நடுவுல உக்காரட்டும்பா."

"நடுவுலயா? ஜன்னல் ஓரம் இல்லேன்னா அவன் வாந்தி எடுப்பானே! போன தீபாவளிக்கு என் புதுச் சட்டை என்னா ஆச்சு?"

அது உண்மைதான்.

கடைவீதியில், சோபா மெத்தை தைக்கும் முனாப் நானாவின் கடைக்கு முன்னால் அப்பா லொறியை நிறுத்தினார். நானா வெளியே வந்து கதவைத் தடவிப் பார்த்தார்.

"இதுக்குச் சாமான் கேட்டா கடையில கிடைக்காது வீரய்யா. மியூசியத்துலதான் கேக்கணும்."

சுலக்ஷனாவின் முகம் வாடியது. நானா உள்ளே போய், சோபாவுக்கு வெட்டியதில் மிஞ்சிய சிவப்பு ரெக்சின் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்.

"இந்தாங்க மகள். உறைக்கு இது போதும். உள்ளுக்கு என்னா வைக்கிறதுன்னு நீங்கதான் யோசிக்கணும்."

வழியெல்லாம் அவள் யோசித்தாள். மெத்தென்று என்ன இருக்கிறது? லயத்து வீட்டுக்கு வந்ததும் லொறியின் பின்பக்கம் ஏறிப் பார்த்தாள். மூலையில் உதிர்ந்த கொழுந்து கொஞ்சம் கிடந்தது. அள்ளிக் கன்னத்தில் வைத்தாள். ஆகா! மேகத்தைத் தொட்டது போல இருந்தது.

கொழுந்தைக் கைகளால் கசக்கி, அமுக்கி அமுக்கி உறையில் திணித்தாள். தகரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினாள். அன்றைக்குக் கனவில் வினோஜன் ஒரு பச்சை மேகத்தில் கை வைத்துக்கொண்டு மலைகளுக்கு மேலே போனான்.

காலையில் அப்பா லொறிக் கதவைத் திறந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"யாரு புள்ள இதுக்குள்ள ஃபெக்டரி போட்டது?"

உள்ளே தேயிலை வாசம் குப்பென்று வீசியது. மெத்தை வெதுவெதுப்பாக, ஈரமாக, ஒரு பழைய செருப்பைப் போலச் சப்பையாகக் கிடந்தது. உறையைத் திறந்தால் கொழுந்து பழுப்பாகச் சுருங்கியிருந்தது.

"கசக்கின கொழுந்து சும்மா இருக்குமா? தேத்தூளா மாறப் பாக்குது" என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னும் ரெண்டு நாள் வச்சிருந்தா தேத்தண்ணி ஊத்தியிருக்கலாம்!"

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இது தோன்றவில்லையே! சுலக்ஷனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வீட்டுக்குள் ஓடினாள்.

சுவரில் அம்மாவின் பழைய கொங்காணி தொங்கியது. கொழுந்து பறிக்கும்போது கூடைக் கயிறு தலையை அறுக்காமல் இருக்க, அம்மா மடித்துப் போட்டுக்கொள்ளும் தடித்த துணி அது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா நாள் முழுக்க அவ்வளவு பாரத்தையும் தலையில் தாங்குகிறாள். ஒருநாளும் தலை வலிக்கிறது என்று சொன்னதில்லை. துணி மேகம் மாதிரி மெத்தென்றும் இல்லை. மடிப்பு மேல் மடிப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்.

"அப்பா! சாக்கு ஊசி குடுங்க!"

கொங்காணியை அம்மா மடிப்பது போலவே மடித்தாள். நடுவில் மட்டும் ஒரு மடிப்பைக் குறைத்தாள். அங்கே சின்னதாக ஒரு பள்ளம் விழுந்தது. தன் கையை வைத்துப் பார்த்தாள். கை அங்கேயே தங்கிக்கொண்டது. அப்பா திருகாணிகளை உள்ளே தள்ளி முடுக்கினார். அவள் தேயிலை வாசம் இன்னும் போகாத சிவப்பு ரெக்சினை அதன் மேல் நெருக்கமாகத் தைத்து, கதவில் கட்டினாள். தையல் கோணல்மாணலாக, ஆனால் கெட்டியாக இருந்தது.

டிக்கோயாவிலிருந்து திரும்பி வரும்போது அப்பாவுக்குப் பக்கத்தில் அம்மா, அம்மாவை ஒட்டி சுலக்ஷனா, ஜன்னலோரம் வினோஜன். அவனுடைய வெள்ளை மாவுக்கட்டு அந்தப் பள்ளத்தில் படுத்திருந்தது.

முதல் வளைவு. சுலக்ஷனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். லொறி சாய்ந்தது. கை சாயவில்லை.

"வலிக்குதாடா?"

"இல்லக்கா. தேத்தண்ணி வாசம் அடிக்குது. நல்லாருக்கு."

டீசல் நாற்றம்தான் எப்போதும் அவன் வயிற்றைப் புரட்டும். இன்றைக்கு அது தேயிலை வாசத்துக்குள் எங்கோ ஒளிந்துகொண்டிருந்தது. நோர்வூட் வருவதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

"சட்டை தப்பிச்சிருச்சு" என்று அப்பா மெல்லச் சொன்னார்.

அம்மா எட்டி மெத்தையை அழுத்திப் பார்த்தாள். கண்களைச் சுருக்கினாள்.

"இந்த மடிப்பு என்னோடதாச்சே. ஏய், என் கொங்காணியா?"

"பழசுதாம்மா."

"அதான பாத்தேன்." அம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அடுத்த வளைவில் சுலக்ஷனாவின் கை, பழக்கத்தில், தம்பிக்கு மேலாக நீண்டது. விரல்கள் தையலை மெதுவாகத் தடவின. கிள்ள ஒரு நூல்கூட வெளியே வரவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, யாரும் பறக்கவிடாமலே, மூடுபனி வந்துகொண்டிருந்தது.