கத்தரிச் செடியின் பசி

“சாப்பிட்டியாம்மா?”

செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய அன்று அமலியிடம் வண்டியோட்டி ஒருவர் இப்படிக் கேட்டார். அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. அன்று மாலையே அவள் மணிக்கட்டில் நிறைவுச் சில்லு என்ற சிறு மின்கருவியைப் பதித்துவிட்டார்கள். உடலில் ஊட்டம் போதுமென்றால் தோலுக்கடியில் பச்சை எரியும். குறைந்தால் சிவப்பாகும், அறையில் உணவுக் குழாய் தானே திறந்துகொள்ளும். அங்கே எல்லோரும் எதிரே வருபவரின் முகத்துக்கு முன் மணிக்கட்டைப் பார்த்தார்கள். பச்சை என்றால் தலையசைத்துவிட்டு நடந்தார்கள்.

அமலிக்கு வேர் பார்க்கும் வேலை. ஒவ்வொரு கண்ணாடிக் கூடாரத்திலும் காவலர் ஒருவர் செடிகளோடு தனியே வசித்தார். ஊட்டம் குறைந்த வேர் ஒரு ஹார்மோனைச் சுரந்து தண்டின் வழியே மேலே அனுப்பும். தண்டில் செருகிய ஊசிமானி அதை உணர்ந்து, அது நிற்காமல் ஏறினால் மணி அடிக்கும். மணி அடித்தால்தான் அமலி போவாள். கூடாரத்துக்குள் இன்னொரு மனிதர் வர வேறு காரணமே இல்லை.

அன்று ஒன்பதாம் கூடாரத்தில் ஒரு கத்தரிச் செடிக்காக மணி அடித்தது.

காவலர் லூர்துசாமிக்கு ஐம்பது வயதிருக்கும். துவைத்த சட்டை போட்டு, தலையை வாரி, வாசலிலேயே நின்றிருந்தார்.

“வாங்க மேடம். உக்காருங்க. ஸ்டூலைத் துடைச்சு வச்சிருக்கேன்.”

அமலி உட்காராமல் செடியருகே குனிந்தாள். தொட்டியின் நடுவில் ஒரு தடுப்பு. வேர்களில் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பக்கத்துக்கு ஓர் ஊட்டக் குழாய். இரண்டு வால்வுகளும் கையால் இறுக்கி மூடப்பட்டிருந்தன.

“நீங்களா மூடினீங்க?”

“முதல்ல ஒரு பக்கம்தான் மூடினேன். மணியே அடிக்கலை. செடி என்னைவிடத் தெம்பா நின்னுச்சு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அடிக்காது. பசிச்ச வேர் இலைக்குச் சொல்லும். இலை அடுத்த பக்கத்து வேருக்குச் சொல்லும். அந்த வேர் இன்னும் அதிகமா நைட்ரேட்டை உறிஞ்சி ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து அனுப்பும். ரெண்டும் காலியானாத்தான் மணி.”

இவ்வளவு நீளமாக அவள் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. தொண்டை கரகரத்தது.

“குடுத்து வச்ச செடி,” என்றார் லூர்துசாமி.

“எதுக்கு மூடினீங்க?”

அவர் இலைமேல் இல்லாத தூசியைத் தட்டினார். “மணி அடிச்சா யாராவது வருவாங்கல்ல.”

செடியைப் பட்டினி போட்டவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் இயந்திரத்தை நிறுத்துவார்கள். அமலி தன் கையிலிருந்த பதிவுக் கருவியில் ‘ஊசிமானி பழுது’ என்று பதிந்தாள். இரண்டு வால்வுகளையும் திறந்தாள்.

வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் நின்றாள். அந்தப் பழைய கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவள் கண்கள் அவர் மணிக்கட்டுக்குப் போயின. பச்சை. அவரும் எதையோ கேட்க வாயெடுத்து, அவள் மணிக்கட்டைப் பார்த்தார். பச்சை. பூமியில் இருந்த முன்னோர்கள், கைபேசியில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தாலே அவர் நன்றாக இருக்கிறார் என்று நிம்மதியானவர்கள். சில்லு அந்த நிம்மதியைத் தோலுக்கடியில் கொண்டுவந்திருந்தது, அவ்வளவுதான்.

லூர்துசாமி கேட்காமலே ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார்.

அமலி தன் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கண்ணாடிச் சுவர் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். அவர் தொட்டியின் முன் குந்தியிருந்தார். இந்த முறை ஒரு பக்கத்தை மட்டும் மூடிவிட்டுக் காத்திருக்கவில்லை. இரண்டு வால்வுகளையும் ஒரேயடியாக மூடினார்.

தலை நிமிர்ந்தபோது அவள் நிற்பதைக் கண்டார். கையை எடுக்கவில்லை.

அமலி பெட்டியைக் கை மாற்றிக்கொண்டு, கருவியில் எதையும் பதியாமல் நடந்தாள்.